மூன்று மொழிக் கொப்பி

பள்ளிக்கூடச் சீருடையைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே வீட்டுக்கு வந்த ஆங்கிலக் கடிதங்களை வாசித்துப் பொருள் சொன்ன பிள்ளைகளாக நாங்கள் இருந்தோமே, நினைவிருக்கிறதா? இப்போது உங்களுக்கும் என்னைப்போலச் சிறிய எழுத்தை வாசிக்கக் கண்ணாடி தேவைப்படும். படியேறினால் முழங்கால் நோகும். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களிடம் சொன்னால், பாவம், சின்னப்பிள்ளைதானே என்று சமாதானம் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம். நீங்கள் அந்த இடத்தில் இருந்தவர்கள். நான் செய்தது எவ்வளவு பெரிதென்று உங்களுக்கு விளங்கும்.

எங்கள் வீடு கோலியர்ஸ் வுட்டில் இருந்தது. அப்பாவுக்குப் பெற்றோல் செட்டில் அதிகாலை ஷிப்ட். அம்மா வீட்டிலிருந்தே சேலைகளுக்கு விளிம்பு அடித்துக் கொடுப்பார். காலையில் தபால்காரர் கதவுத் துவாரத்தால் போட்டுவிட்டுப் போகும் கடிதங்களை இருவரும் பிரிக்கமாட்டார்கள். பழுப்பு உறை என்றால் தொடவே பயம். எல்லாம் ஒரு நீல பிஸ்கட் தகரத்துக்குள் கிடந்து, நான் மூன்றே முக்காலுக்கு வரும்வரை காத்திருக்கும். நான் சப்பாத்துக் கழற்றுவதற்குள் அப்பா தகரத்தைத் திறந்துகொண்டு வந்துவிடுவார். நான் வாசிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முன்னால் நாற்பது வயது மனிதர் ஒருவர் அப்படி நிற்பது எவ்வளவு பெரிய இறக்கம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

கவுன்சிலுக்கு நான், டொக்டரிடம் நான், காஸ் கொம்பனிக்கு நான். தொலைபேசியில் குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கி, அம்மாவின் பெயரைச் சொல்லி, நான்தான் பேசுகிறேன் என்பேன். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கும் மொழிபெயர்ப்பாளர் நானே. ஆசிரியை என்னைப் பற்றி அடுக்கிய முறைப்பாடுகளை, "கெட்டிக்காரியாம், இன்னும் கொஞ்சம் தண்ணி குடிக்கவேணுமாம்" என்று அம்மாவிடம் சேர்ப்பித்தேன். சிரிக்காதீர்கள். நீங்களும் செய்தவர்கள்தான்.

பள்ளியில் கதை வேறு. அங்கே ஆங்கிலம் போதாத ஐந்தாறு பேரைப் பின்னால் ஒரு சின்ன மேசையில் தனியாக உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அதில் நானும் ஒருத்தி. தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்பார்கள். குளிர்காலத்தில் என் கோட்டை மாட்டும் கொளுவிக்குப் பக்கத்தில் தங்கள் கோட்டை மாட்டாத பிள்ளைகள் இருந்தார்கள். கறி மணம் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. வீட்டில் நான் ராணி. ராணியின் கோட்டு மணக்கிறதென்று யாராவது சொல்வார்களா?

அந்த இலையுதிர் காலத்தில், படியின் உச்சியில் இருந்த சின்ன அறையை வாடகைக்கு விட முடிவு செய்தார்கள். கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும், அவ்வளவு சின்ன அறை. பத்திரிகைக் கடைக் கண்ணாடியில் ஒட்டுவதற்கு நான்தான் அட்டை எழுதினேன். இரண்டு நாள் கழித்து, மழையில் நனைந்த ஒரு பெண் அந்த அட்டையையே கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வேறு யாரும் முந்திவிடக் கூடாதென்று கழற்றிக்கொண்டே வந்துவிட்டாராம். அம்மாவுக்கு அந்தச் சமயோசிதம் பிடித்துவிட்டது. "கெட்டிக்காரி, இவவுக்கே குடுப்பம்" என்றார். அன்றிலிருந்து அவர் எங்களுக்குச் சின்ன அறை அக்கா.

அக்கா ஸ்லோவாக்கியாவில் இருந்து வந்தவர். அப்பா முதலில் கேட்டது அதைப் பற்றித்தான்.

"செக்கோஸ்லோவாக்கியா எண்டெல்லோ நாங்கள் படிச்சனாங்கள்? மற்றப் பாதி எங்கையெண்டு கேள்."

கேட்டேன். நாடு இரண்டாகப் பிரிந்துவிட்டது என்றார் அக்கா.

"எவ்வளவு சனம் செத்ததெண்டு கேள்."

ஒருவரும் சாகவில்லை என்றார் அக்கா. பேசினார்கள், பிரிந்தார்கள். அப்பா என்னை முறைத்தார். "நீ பிழையா விளங்கியிருப்பாய். திருப்பிக் கேள்." திருப்பிக் கேட்டேன். அதே பதில்தான். அப்பா தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு அக்காவுக்கு இன்னொரு பிஸ்கட் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

அக்கா ஊரில் தாதியாக இருந்தவர். இங்கே பகலில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார், பின்னேரம் கல்லூரியில் ஆங்கிலம் படித்தார். ஆங்கிலப் பரீட்சை ஒன்றில் தேறினால்தான் இங்கே தாதியாகலாம். அந்தப் பரீட்சைக்காக அவர் வைத்திருந்ததுதான் அந்தக் கொப்பி. பச்சை மட்டை, உள்ளே சதுரக் கோடுகள். ஒவ்வொரு பக்கத்தையும் சிவப்புப் பேனாவால் மூன்றாகப் பிரித்திருந்தார். முதல் பத்தியில் ஆங்கிலம், இரண்டாவதில் அவருடைய மொழி, மூன்றாவது வெறுமை.

அவரை வதைத்தது ஆங்கிலத்தின் சின்னச் சொற்கள். கிவ் என்றால் கொடு, அப் என்றால் மேலே. கிவ் அப் என்றால் மேலே கொடுப்பதில்லை, விட்டுவிடுவது. பாஸ் என்றால் கடப்பது, அவுட் என்றால் வெளியே. ஆனால் நோயாளி வந்து 'பாஸ்ட் அவுட்' என்றால் அவர் வெளியே நடந்து போகவில்லை, மயங்கி விழுந்திருக்கிறார். இதைத் தெரியாத தாதியை யார் வார்டுக்குள் விடுவார்கள் என்று அக்கா கவலைப்பட்டார். ஒவ்வொரு பின்னேரமும் குசினி மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, இந்த வீட்டின் ஆங்கில அறிஞரான என்னிடம் விளக்கம் கேட்பார்.

எனக்குப் பாதிக்கு மேல் தெரியாது. தெரியாதென்று சொல்லும் பழக்கமும் இல்லை. 'புட் அப் வித்' என்றால் என்ன என்று கேட்டார். சுவரில் படம் மாட்டுவது என்றேன், ஒரு நொடியும் தயங்காமல். அக்கா நன்றி சொல்லி எழுதிக்கொண்டார்.

அடுத்த கிழமை கொப்பியோடு வந்து, மெதுவாக, என் மனம் நோகாதபடி, தன் ஆசிரியர் வேறு மாதிரிச் சொல்கிறார் என்றார். பொறுத்துக்கொள்வது, சகித்துக்கொள்வது என்று அர்த்தமாம். பக்கத்தில் இருந்த அப்பாவுக்கு அந்தளவு ஆங்கிலம் விளங்கிவிட்டது.

"அப்ப எங்கட இங்கிலீஷ்காரிக்கும் தெரியாததுகள் கிடக்குது!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

அது வெறும் பகிடி. அப்பா அதை அந்த நிமிடமே மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. கேத்தல் படம் காட்டும் அந்தச் சின்ன மேசை எங்கள் குசினிக்குள்ளேயே வந்துவிட்டது போல இருந்தது.

ஆனாலும் அந்தப் பின்னேரங்கள் நன்றாகவே இருந்தன என்று சொல்லாவிட்டால் அதுவும் ஒரு பொய். ஒருவரை ஏமாற்றி விளையாடினால் ஆங்கிலேயன் காலை இழுக்கிறான் என்பான். ஸ்லோவாக்கில் மூக்கைப் பிடித்து இழுப்பார்களாம். லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே, "நாங்கள் காதிலை பூ வைப்பம்" என்றார். பிறகு யோசித்து, "பேய்க்காட்டுறது எண்டும் சொல்லுறது" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். காதில் பூவும் கையில் கத்தியுமாக நிற்கும் ஒரு பேயைப் பக்க ஓரத்தில் வரைந்தார். விளங்காத விஷயத்தை அவர்கள் ஸ்பெயின் நாட்டுக் கிராமம் என்பார்களாம். முயற்சியைப் பாதியில் விட்டுவிட்டால், கையிலிருந்த துவக்கைச் சுடாமலே தானிய வயலுக்குள் எறிந்துவிட்டான் என்பார்களாம். இதைக் கேட்டு அப்பா தலையை ஆட்டினார்.

"எங்கட ஊரிலை எறிஞ்சா, எடுக்கிறதுக்கு வேலிக்கு அங்காலை ஆள் நிக்கும்."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அக்காவே அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

வெறுமையாகக் கிடந்த மூன்றாம் பத்தி அப்படித்தான் தமிழுக்கு ஆனது. முதலில் நான் எழுதினேன். பிறகு ஒருநாள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கடையிலையும் உப்பிடித்தானே? கை குடுக்கிறது எண்டா கையை வெட்டியே குடுக்கிறது? கண் வைக்கிறது, வாய் விடுறது, தலை போடுறது... எல்லாம் இருக்கு. சொல்லு பிள்ளை அவவுக்கு."

சொன்னேன். அக்காவின் கண்கள் விரிந்தன. 'லெட் டவுன்' என்பதற்கு அம்மா 'கைவிடுதல்' என்று தானே எழுதினார். அம்மாவின் எழுத்தை அதற்கு முன் நான் கவனித்ததில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவரின் எழுத்து அச்சுப்போல இருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் நான் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அக்கா ஒரு சொல்லைச் சொல்லி நடித்துக் காட்டுவார். அம்மா ஊகித்துத் தமிழைச் சொல்வார். இருவரும் கைகொட்டிச் சிரிப்பார்கள். அக்கா 'ஓம்' என்று சொல்லக் கற்றுக்கொண்டார், எதற்கெடுத்தாலும் 'ஓம், ஓம், அம்மா' என்பார். அம்மா 'புட் அப் வித்' என்பதைச் சரியான இடத்தில் சொன்னார், அப்பாவைக் காட்டி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் எங்களோடு ஹைகேட் ஹில் முருகன் கோயிலுக்கு வந்தார். கோலியர்ஸ் வுட்டில் ஏறினால் ஆர்ச்வே வரை ஒரே ரயில். வழக்கமாக அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிலையங்களின் பெயரைச் சொல்வது நான். அன்றைக்கு அக்கா உட்கார்ந்தார். எதிர்ப்பக்கத்தில் இருந்த நான், அம்மா விளம்பரப் பலகையைச் சுட்டிக் காட்டி எழுத்துக்கூட்டி வாசிப்பதைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மாவின் முகம் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம் போல மலர்ந்திருந்தது. பெற்ற தாய் படிப்பதைப் பார்த்து ஒரு பிள்ளை சந்தோஷப்பட வேண்டாமா? எனக்கு வயிறு எரிந்தது.

இன்னொன்றும் நடந்தது. நான் குசினிக்குள் போனால் அவர்கள் கதையை நிறுத்தத் தொடங்கினார்கள். கொப்பி மூடப்படும். அம்மா அடுப்பைப் பார்ப்பார், அக்கா என்னைப் பார்த்துச் சிரிப்பார். என்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள், நான் சொல்லிக்கொடுத்த பிழைகளை எண்ணிச் சிரிக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய ஒரு வருடமாக அம்மாவை டொக்டரிடம் கூட்டிப்போனது நான்தான். "வயித்துக்குள்ளை நோகுதெண்டு சொல்லு" என்பார் அம்மா. சொல்வேன். டொக்டர் வெள்ளையாய், சுண்ணாம்புபோல ஒரு மருந்து எழுதுவார். போத்தல் முடிந்ததும் மறுபடி போவோம். வேறு ஏதாவது இருக்கிறதா என்று டொக்டர் கேட்பார். நான் கேட்பேன். அம்மா என்னைப் பார்ப்பார், பிறகு நிலத்தைப் பார்ப்பார். "வேறை ஒண்டுமில்லையெண்டு சொல்லு." அதையும் சொல்வேன். அதற்காகப் பள்ளிக்குப் போகாமல் நிற்கக் கிடைப்பதில் எனக்குப் பெருமை.

மார்கழியில் ஒருநாள் அம்மா, "நீ பள்ளிக்கூடம் போ பிள்ளை, நான் அக்காவோட போறன்" என்றார்.  தமிழ் தெரியாத அக்கா, ஆங்கிலம் தெரியாத அம்மா, என்னத்தைச் சொல்லப் போகிறார்கள்? ஆனால் போனார்கள், கொப்பியோடு. அம்மா அன்று வெள்ளை மருந்து இல்லாமல் திரும்பி வந்தார். தை மாதம் பிறந்து இரண்டாம் கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து கடிதம் வந்தது. வரும் வியாழக்கிழமை காலை வரச் சொல்லியிருந்தது. எந்தப் பிரிவு என்ற சொல்லை என்னால் வாசிக்க முடியவில்லை, அவ்வளவு நீளம். "ஆஸ்பத்திரிக்கு வரட்டாம்" என்று மட்டும் சொன்னேன். அம்மா என் கையிலிருந்து கடிதத்தை வாங்கிக்கொண்டு மேலே, அக்காவின் அறைக்குப் போனார். பிஸ்கட் தகரத்துக்கு முன்னால் நான் தனியே நின்றேன். அதற்கு முன் ஒரு கடிதமும் என் கையை விட்டு அப்படிப் போனதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா வேலையில் இருந்தார். குசினியில் இருந்து அக்கா என்னைக் கூப்பிட்டார். சொல்ல வேண்டியது நடித்துக் காட்ட முடியாத அளவு பெரிதாக இருந்திருக்க வேண்டும். பல கிழமைகளுக்குப் பிறகு இருவருக்கும் நடுவில் என்னை நிற்க வைத்தார்கள்.

அக்கா ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அம்மாவிடம் சொல். வியாழக்கிழமை நான் வேலைக்கு லீவு எடுத்துவிட்டேன். நான் கூடப் போவேன். அங்கே பார்ப்பது பெண் டொக்டர், விசாரித்துவிட்டேன். இனியும் தள்ளிப்போட வேண்டாம். என்னோடு வெட்கப்பட வேண்டாம் என்று சொல்."

என்னோடு வெட்கப்பட வேண்டாம். அப்படியென்றால் அம்மா வெட்கப்படுவது என்னோடுதானா? அது நெஞ்சில் குத்தியது. நான் ஒன்றும் திட்டமிட்டு வைத்திருக்கவில்லை. சத்தியமாக இல்லை. வாய் திறந்தது, தமிழ் வந்தது.

"அக்காவுக்கு இஞ்ச இருக்க ஏலாதாம். வீடு முழுக்கக் கறி மணக்குதாம். உடுப்பிலை எல்லாம் பிடிக்குதாம். வேலை செய்யிற இடத்திலை ஆக்கள் மூக்கைப் பொத்தினமாம்."

என் கோட்டைப் பற்றி வகுப்பில் சொன்னதை எடுத்து அக்காவின் வாயில் வைத்தேன். அதைவிட அம்மாவை நோகடிக்கும் வேறொரு சொல் எனக்குக் கிடைத்திராது. அது எவ்வளவு நோகும் என்று தெரிந்தவள்தானே நான்.

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். அக்காவைப் பார்த்து, "அப்பிடியோ?" என்று தமிழில் கேட்டார்.

அக்கா சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். "ஓம், ஓம், அம்மா."

அம்மாவின் முகம் சுருங்கியதை இன்றைக்கும் என்னால் நேராக நினைத்துப் பார்க்க முடியவில்லை. தணிந்த குரலில் சொன்னார்: "கஷ்டமெண்டா அவ வேறை இடம் பாக்கட்டும். நாங்கள் மறிக்கேல்லை எண்டு சொல்லு."

அதை மட்டும் சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்த்தேன்.

அக்கா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ஏன், நான் என்ன பிழை செய்தேன் என்று கேட்டார். "சரியாம்" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவோ எங்களுக்கு முதுகு காட்டி நின்று, கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாட்களில் அம்மா வீட்டின் ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்தார். தை மாதக் குளிர் உங்களுக்குத் தெரியும். திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்தார். மெத்தை உறைகளைத் தோய்த்தார். தாளிப்பதை நிறுத்திவிட்டு அவித்த உருளைக்கிழங்கும் பாணும் வைத்தார். வேலையால் வந்த அப்பா கோட்டைக் கழற்றாமலே சாப்பிட்டார். "என்னப்பா இது, ஆஸ்பத்திரிச் சாப்பாடு?" என்று கேட்டதற்கு, செவ்வாய்க்கிழமை அவருக்கு மட்டும் கொஞ்சம் மீன்குழம்பு ஆக்கிக் கொடுத்தார் அம்மா. அக்கா அறையை விட்டுப் போகப்போகிறார் என்று கேட்டபோது, "நல்ல பிள்ளையெண்டெல்லோ இருந்தன்" என்று மட்டும் அப்பா சொன்னார். அந்த நாட்களில் எத்தனையோ தடவை உண்மையைச் சொல்லியிருக்கலாம். 

அக்கா புதன்கிழமை காலை போய்விட்டார். நான் பள்ளிக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது, படியில் வைத்து என் கையில் பச்சைக் கொப்பியைத் தந்தார். "இது அம்மாவுக்கு, நான் கொடுத்தால் வாங்கமாட்டார்" என்றார். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. என் தலையைத் தடவிவிட்டு, பெட்டியைக் கட்டக் குனிந்தார்.

பள்ளிக்குப் போகும் வழியில், வாண்டில் ஆற்றுப் பாலத்தில் நின்று கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அதுவும் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இடப்பக்கம் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் சில வரிகள். டொக்டரிடம் காட்ட வேண்டியவை. நடுவில் அக்காவின் மொழி. வலப்பக்கம் அம்மாவின் அச்செழுத்தில், நான் அதுவரை அம்மாவின் வாயால் கேட்டிராத சொற்கள். தீட்டு நிற்கவில்லை. பதினான்கு மாதம். கட்டியாகப் போகிறது. தலை சுற்றுகிறது. பிள்ளைக்குச் சொல்ல முடியாது, பயந்துவிடுவாள். அடியில் அக்காவின் புது விலாசம் இருந்தது.

முழுவதும் விளங்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நானே நம்புவதில்லை. போதுமானளவு விளங்கியது. அவர்கள் கதையை நிறுத்தியது என்னைக் கேலி செய்ததால் இல்லை என்பது விளங்கியது. கொப்பியைக் கொடுத்தால் அம்மா அந்த விலாசத்துக்குப் போவார், என் பொய் அன்றைக்கே வெளிவந்துவிடும் என்பதும் விளங்கியது. கொப்பியைத் தண்ணீருக்குள் போட்டேன். அது உடனே தாழவில்லை. விரிந்து, பக்கங்களைக் காட்டிக்கொண்டு கொஞ்சத் தூரம் மிதந்து போனது. அன்று பள்ளியில் பின்மேசையில் இருந்தபோது ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

பின்னேரம் அம்மா என்னைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டார். "நாளைக்கு வரேல்லையெண்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லு. நல்லாப் போச்சுதெண்டு சொல்லு." நான் குரலைத் தடிப்பாக்கி, அம்மாவாகி, எனக்குச் சுகமாகிவிட்டது என்றேன். மறுமுனையில் இருந்த பெண், கேட்கச் சந்தோஷம் என்றார்.

அடுத்த கிழமையில் இருந்து நான் மறுபடி ராணி. கடிதங்கள் தகரத்தில் காத்திருந்தன. அம்மா ஆங்கிலம் படிப்பதை விட்டுவிட்டார். வெள்ளை மருந்துப் போத்தல்கள் திரும்பி வந்தன. அம்மா ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறுவதை, கூட இருந்து பார்த்தேன். இரண்டு வருடம் கழித்து, அப்டன் பார்க்கில் ஒரு சேலைக் கடையில், தட்டில் இருந்த சேலையை எடுக்கக் கை நீட்டியபடியே விழுந்தார். அம்புலன்ஸில் வந்தவர்கள் என்ன நடந்தது என்று என்னைத்தான் கேட்டார்கள். ஆறு போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையை எடுத்தார்கள். முன்னமே வந்திருந்தால் சின்னக் கட்டி, சின்ன வேலை, ஏன் இவ்வளவு காலம் வரவில்லை என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார் டொக்டர். நான் அம்மாவிடம் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தெரியாது என்று டொக்டரிடம் சொன்னேன். எனக்குத் தம்பியோ தங்கையோ வேண்டுமென்று அம்மாவும் அப்பாவும் ஆசைப்பட்டிருந்தார்கள் என்பதைப் பெரியம்மா ஒருவர் சொல்லித்தான் பிறகு அறிந்தேன்.

அக்கா பரீட்சையில் தேறினாரா, கொப்பி இல்லாமல் என்ன செய்தார், ஒன்றும் தெரியாது. ஆஸ்பத்திரிகளில் அந்த வயதுப் பெண் தாதிகளைக் கண்டால் சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் பார்ப்பேன். பார்த்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. போன மாரியில் அம்மாவை டூட்டிங்கில் உள்ள ஆஸ்பத்திரிக்கு, இதயப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். தாதி என்னைப் பார்த்து, மகள் மொழிபெயர்ப்பீர்களா என்று கேட்டார். நான் ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா, தன் உடைந்த ஆங்கிலத்தில், உறுதியாகச் சொன்னார்: "நோ டோட்டர். டெலிபோன் லேடி, ப்ளீஸ்." தொலைபேசி வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார் என்று யாரிடமோ விசாரித்து வைத்திருக்கிறார். பிறகு என்னிடம் திரும்பி, "நீ வெளியிலை இரு பிள்ளை" என்றார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே அம்மா யாரோ ஒருத்தியிடம் நீளமாக, தயங்காமல் கதைப்பது கேட்டது. சொற்கள் கேட்கவில்லை. முகம் எரிய, நாற்பத்தைந்து வயதுப் பெண் நான், நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் சொல்லிவிட்டேன். இனியும் சொல்லாவிட்டால் எப்போது?

"அம்மா, அந்தச் சின்ன அறை அக்கா கறி மணக்குதெண்டு சொல்லேல்லை. நான்தான்..."

"தெரியும்" என்றார் அம்மா.

 எப்போதிருந்து என்று கேட்டேன்.

"அவள் போன அண்டே தெரியும். நீ பள்ளிக்கூடம் போன பிறகு குசினிக்குள்ளை வந்தவள். முதல் நாள் உங்கட அப்பாவுக்கு ஆக்கின மீன்குழம்பு கொஞ்சம் சட்டியிலை கிடந்தது. பாணாலை வழிச்சு வழிச்சுத் திண்டுகொண்டு அழுதவள். மணம் பிடிக்காதவள் செய்யிற வேலையே அது?"

"அப்ப ஏனம்மா என்னட்டைக் கேக்கேல்லை?"

அம்மா கைப்பையின் பிடியைச் சரிசெய்தார். கோபம் ஒன்றும் இல்லை. விலை கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

"கேட்டா? அவளை மறிச்சாலும் நீ பொய் சொன்னனீ எண்டு வெளியாலை வந்திடும். பிறகு அடுத்த நாள் கடிதத்தை ஆர் வாசிக்கிறது? நீ வாசிச்சாலும் நான் என்னெண்டு நம்புறது? இந்த ஊரிலை எனக்கு நீ ஒரு வாய்தானே இருந்தனீ. அதையும் இல்லாமலாக்கிப்போட்டு நான் என்ன செய்யிறது? அதுதான் பேசாமல் இருந்தனான்."

நான் அழுதேன். அம்மா என் முழங்காலில் இரண்டு தரம் தட்டினார்.

"விடு. இப்ப பறவாயில்லை. ரெலிபோனிலை வாற பிள்ளை நல்ல பிள்ளை. நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுது."

சொல்லிவிட்டு, நாங்கள் இறங்கும் தரிப்பு வந்துவிட்டதா என்று என்னிடம் கேட்காமல், ஜன்னலில் படிந்திருந்த ஈரத்தைக் கையால் துடைத்து, வெளியே தானே பார்த்தார்.